தொண்ணூற்றாறாவது குழி

எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஜன்னல் இல்லை.
வெள்ளவத்தையில், ஏழு மாடிக்குக் கீழே,
வாகனம் நிறுத்தவென்று வரைபடத்தில் இருந்த இடம்.
விட்டமின் டி பார்க்க இங்கேதான் வருவார்கள்,
கண்ணாடிக் கதவருகே குடையை மடக்கியபடி.
மழைக்குப் பிடித்த குடைகள் அல்ல.

இமேஷா ஐஸ்பெட்டியோடு வந்தது பங்குனியில்.
விலங்கியல் மாணவி. விரல்களில் பல் பதிந்த தடம்.
நாற்பது சின்னக் குழாய்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு துளி சிவப்பு.
"ஓணான்," என்றாள் தமிழில்.
அந்த ஒரு சொல்லை யாரிடமோ கேட்டுப்
பழகிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைப் பள்ளி மதிலில்
அதன் தொண்டை சிவந்தால்
சட்டைக்குள் கழுத்தை இழுத்துக்கொள்வோம்:
தூரத்திலிருந்தே இரத்தம் குடிக்குமாம்.
இப்போது அதன் இரத்தம் என் கையில்.
வேலிக்கு ஓணான் சாட்சி.
ஓணானுக்கு?

பாதி, ரயில் பாதையோரக் கருங்கற்களில் பிடித்தவை;
கடல் வெயில் முழுக்க அவற்றுடையது.
மீதி, இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவே
பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை மட்டும்
சூரியன் எட்டிப் பார்க்கும் ஒரு மதிலில்.

"மதில்காரர் நல்ல கறுப்பு," என்றாள்.
குளிர்ந்த உடம்பு தோலைக் கறுக்க வைத்துச் சூட்டை வாங்கும்;
காய்ந்ததும் வெளுக்கும்.
கறுப்பு அதற்கு ஒரு கதவு,
திறக்கலாம், சாத்தலாம்.
ஆனால் உள்ளே டி சமைக்கிற கதிருக்கு
அதே கறுப்பு ஒரு திரை.
போதாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் கிடக்குமாம்.
போதவில்லை என்று
அதற்கு யார் சொல்வது? யாரும் இல்லை.

எனக்குச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.
பெண் பார்க்க வந்தவர்கள்
"மாநிறம் என்றுதானே சொன்னீங்கள்" என்று
தரகரைக் கேட்டார்கள், என்னைப் பார்க்காமல்.
அன்றிலிருந்து நீளக் கைச்சட்டை.
காலி வீதியில் நிழல் விழும் பக்கம்.
பகல் முழுவதும் குழல் விளக்கு.
எனக்குக் கதவு இருந்தது என்பதே
மறந்துபோயிற்று.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
எல்லாம் நிரப்பியும் ஒன்று மிஞ்சியது.
ஃபஸ்லியா தேநீர் குடிக்கப் போன நேரம்
என் முழங்கை மடிப்பில் நானே ஊசி ஏற்றினேன்.
தப்புத்தான்.
மூலையில் இருந்த அந்தக் குழியில்
என்னையும் ஊற்றினேன்.

இந்தச் சோதனையில் நிறம் கூடினால் அளவு குறைவு.
சிரித்துவிட்டேன், தனியாக.
கருங்கல் ஓணான்கள் வெளிறின, கஞ்சித் தண்ணீர் போல.
மதில்காரர் கொஞ்சம் மஞ்சள்.
கடைசி மூலை,
ஆடிவேல் தேரில் தொங்கும் செவ்வந்தி.

ஒன்பது.

அச்சிட்ட தாளில் இமேஷாவின் விரல் அங்கே நின்றது.
"இது என்ன, என் பட்டியலில் இல்லையே?"
"தவறி விழுந்தது. கழித்துவிடு."
அவள் கழிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"மதில்காரருக்கும் கீழே," என்றாள்.
"எந்த மதில்?"

மறுநாள் பதினொன்றுக்கு வெளியே வந்தேன்.
மதிலின் ஒரு முனையில் அது.
மறுமுனையில் நான்,
கைச்சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி.
தலையை ஆட்டியது.
ஆமாம் என்றல்ல, இது என் இடம் என்று.
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன்.
சீமெந்து சுட்டது.
கையிலிருந்த மருத்துவமனை வாசனை மெல்ல எழுந்து போனது.

பன்னிரண்டரைக்கு நிழல் மதிலேறி வந்தது.
அது அவசரப்படவில்லை. வால் நுனியில்
கடைசி வெயில் இருக்கும்வரை கிடந்து
பிறகு காணாமல் போயிற்று.

காவலாளி யோகேந்திரன் வாசலில் கேட்டான்:
"குடையை மறந்திட்டீங்களா மிஸ்?"

அக்குளுக்கடியில் இருந்தது,
மடித்தபடி.