ஒலி: பத்துக்கு

மல்லாவி, மண்டபத்துப் பின்னறை.
ஒரு மடிக்கணினி, மூன்று கதிரை,
ஆறிப்போன பிளேன்ரீ.
கொழும்பில் படித்துக் கொழும்பிலேயே இருந்த
புஸ்பகாந்தன் சேர்,
போன தையில் மாற்றலாகி வந்த தேவநாயகி மிஸ்,
மூன்றாவது நான்.
வரவேண்டியவருக்குக் காய்ச்சலாம்.

நான் கலியாணம் எடுப்பவன்.
சாமத்திய வீடு, கொடியேற்றம்,
ஆள் செத்தால் அதுவும்.
ட்ரோன் மட்டும் வாங்கவில்லை.
அதனால் வருசத்தில் ஏழெட்டுக் கலியாணம்
கிளிநொச்சிப் பெடியளிடம் போகிறது.
போகட்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உளவியல் திகில்.
முழுப்படம் இல்லை, தொடக்கம் மட்டும்:
இரண்டு நிமிடம் பதினொரு செக்கன்.
இயக்கம் நிருசிகா, கமரா கஜலக்சன்,
நடிப்பு டினோஜன்
மற்றும் டினோஜனின் தங்கச்சி.

முதலில் ஒரு கண்.
எல்லாரும் கண்ணில்தான் தொடங்குகிறார்கள்.
கருமணிக்குள் ரியூப் லைற்,
அதன் கீழே போனைப் பிடித்தபடி
கஜலக்சனும் தெரிகிறான்.
ஒரு புள்ளி குறைத்தேன்.
பிறகு யோசித்தேன்:
யாரோ தன்னைப் பார்ப்பதாய்ப் பயந்தவனின் கண்ணுக்குள்
உண்மையாகவே ஒருத்தன் நிற்கிறான்.
குறைத்ததைத் திருப்பிக் கொடுத்தேன்.

கதவு கிரீச்சிடுகிறது.
சத்தம் பழைய மரக்கதவு, இன்ரநெற்றில் இறக்கியது.
படத்தில் நிற்பதோ தகரப் படலை.
அடுத்து மாடிப்படியில் யாரோ ஏறுகிறார்கள்.
வீட்டுத்திட்டத்து வீடு அது,
இரண்டு அறை, பூசாத பின்சுவர்.
எந்த மாடிக்கு ஏறுகிறார்கள்?
சேர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

இரத்தம் நெல்லிக்கிறஷ்.
நிலத்தில் ஊற்றிக் கன நேரம் போலும்,
எறும்பு வந்துவிட்டது.
எறும்பை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
படத்தொகுப்பு: ஏழு.

ஒரு நிமிடம் முப்பத்தொன்றில்
எல்லாம் நின்றுபோகிறது.
கிரீச்சு இல்லை, காலடி இல்லை.
கிணற்றுக்கட்டில் டினோஜன்
சும்மா இருக்கிறான்.
அவனுக்கு மேலே
மெல்லிய ஓர் இரைச்சல்.
கூடாது, குறையாது,
கிட்ட வராது,
போகவும் போகாது.

"லைற்றை ஏன் நூத்தனீங்கள்?"
மிஸ் கேட்டா.

சுவிட்சில் இருந்தது என் கை.
கதிரையை விட்டு எழும்பியது ஞாபகமில்லை.
"இருட்டிலதானே பேய்ப்படம் பாக்கவேணும்," என்றேன்.
"அதுவும் சரிதான்," என்றார் சேர்.

ஒலிக்கு அவர் போட்டது மூன்று.
கடைசி நாற்பது செக்கனும் வெறுமை, என்று எழுதினார்.
மிஸ் நாலு போட்டா:
பின்னணி இசை சேர்த்திருக்கலாம்.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.
டினோஜனின் காற்சட்டையில் இன்னும் நெல்லிக்கறை.
நான் ஒன்றுதான் கேட்டேன்:
"கடைசிச் சத்தம் எங்க எடுத்தது?"

"எங்கட கடையில ஐஸ்கிறீம் பெட்டி இருக்கு அண்ணை.
அதுக்குப் பின்னால போனை வச்சு எடுத்து
கொஞ்சம் மெதுவாக்கினனாங்கள்.
பிழையோ?"

"ஏன் அந்தச் சத்தம்?"

நிருசிகா மற்ற இருவரையும் பார்த்தாள்.
"தெரியேல்ல.
ஐஸ்கிறீம் கேட்டு ஆக்கள் வந்தா
அம்மா என்னைத்தான் எடுத்துக் குடுக்கச் சொல்லுவா.
அந்தப் பக்கமே போகமாட்டா.
ஏனெண்டு கேட்டா, குளிர் எண்டுவா.
சும்மா நிண்டு பாத்தன்.
குளிரேல்ல.
சத்தம்தான் இருந்தது."

அவளுக்குப் பதினேழு வயது.
கணக்குப் பார்த்தேன்,
பார்த்துவிட்டு விட்டேன்.

கதை: ஐந்து.
நடிப்பு: ஆறு, தங்கச்சிக்காக.
ஒலி: பத்து.

காரணம் எழுத
ஒரேயொரு வரி விட்டிருந்தார்கள்.
பேனையை வைத்தேன், எடுத்தேன்.
'கேட்கிறது' என்று எழுதினேன்.

சேர் கண்ணாடியை உயர்த்தி
என் தாளை எட்டிப் பார்த்தார்.
"உங்களுக்குக் கேட்டதோ?" என்றார்.