மிச்சம் ஏழு சக்கரம்

எஞ்சின் வந்த பெட்டியிலேயே
சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் உருளையும் வந்தது.
அதை நம்பாதே என்றான் லோன்சோ.
நம்பினேன்.
செப்டம்பரில், சயோட்டோ ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில்
அது நழுவி
ஆரக்கம்பிகளுக்குள் தலையை விட்டது.
ஒன்பது கம்பி போயிற்று, முன்பல் ஒன்றில் பாதி.
மீதிப் பாலத்தைத் தள்ளிக்கொண்டே கடந்தேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
நாற்பது நிமிடம் தாமதம் என்று எழுதிக்கொண்டார்கள்.
பல்லைப் பற்றி எழுத அதில் கட்டம் இல்லை.

லைசென்ஸ் போய்ப் பதினாலு மாதம்.
ஏன் என்று கேட்பவர்களுக்குக்
கொல்லையில் நிற்கும் காரைக் காட்டுவேன்.
அதன் முகமே சொல்லிவிடும்.

கடையில் வாங்கியது காலை வாரினால்
கையால்தான் செய்ய வேண்டும்.
கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவைக் கிழித்து
அட்டையில் அளவு வெட்டினேன்.
முதல் முயற்சி, அலமாரியைத் தாங்கும் தகரம்:
இரண்டாவது தெருமுனையிலேயே கும்பிடு போட்டது.
அடுத்தது, காய் நறுக்கும் வெள்ளைப் பலகை.
வெண்ணெய் மாதிரி அறுபட்டது,
புகைக்குழாய்ச் சூட்டில்
வெண்ணெய் மாதிரியே இளகியும் போனது.
தெரு முழுக்க வெங்காய வாசம்.

இரும்பு வேண்டும்.
கனமாக, ஏற்கெனவே ஓர் ஓட்டையோடு.
எங்கே இருக்கிறது என்று
லோன்சோவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

சனிக்கிழமை மழை விட்டதும்
காரின் பின்கதவு வழியாக நுழைந்தேன்.
முன்கதவு இனி திறக்காது.
ஓட்டுகிறவர் இருக்கைக்குக் கீழே
சீட் பெல்ட்டைத் தரையோடு பிடித்திருந்த தகடு.
நட்சத்திரத் தலை போல்ட்.
திருகினேன், அசையவில்லை.
ஏறி மிதித்தேன், அசையவில்லை.
அன்றிரவும்
இப்படித்தான் அசையாமல் இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு துருவுக்கு எண்ணெய் தெளித்து,
காபி குடித்து,
ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகித் தொங்கினேன்.
படீர்.

சாதாரண இரும்பில்லை அது.
மூன்று டிரில் பிட்டைத் தின்ற பிறகுதான்
இரண்டாவது ஓட்டைக்கு இடம் கொடுத்தது.
லோன்சோவின் பட்டறைப் பிடிக்கு வாடகை எப்போதும் ஆறு பீர்.
என் வீட்டில் இப்போது பீர் கிடையாது.
ஊறவைத்த முட்டை ஒரு ஜாடி கொடுத்தேன்,
ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

உருளைக்கு, பழைய சாமான் கடையில்
மூன்று டாலருக்கு ஒரு ஜோடி ஸ்கேட்டிங் பூட்ஸ்.
உள்ளே மார்க்கரில் எழுதியிருந்தது: டான்ஸி.
எட்டுச் சக்கரமும் ரோஜா நிறம்.
ஒன்றைக் கழற்றி
பேரிங்கைத் துடைத்துத்
தகட்டில் பூட்டினேன்.
சங்கிலி அதன்மேல்
ஆட்டம் இல்லாமல் ஓடியது.

நவம்பர், காலை நாலே முக்கால்.
போலீஸ்காரர் ஹட்செல் கையைக் காட்டினார்.
குனிந்து டார்ச் அடித்தார்.
“ரோஜா நிறமா?”
“அளவு சரியாக இருந்தது.”
தகட்டை விரலால் தட்டினார்.
“இது எதிலிருந்து?”
“ஒரு காரிலிருந்து.”
“ஓடுகிறதா அந்தக் கார்?”
“அதில் கொஞ்சம்” என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
முன்விளக்கை இன்னும் தாழ்த்தி வை,
எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துகிறது என்றார்.
தாழ்த்தினேன்.

சங்கிலி சக்கரத்தில் பள்ளம் தோண்டும்.
முதல் சக்கரம் ஆறு வாரம் தாங்கி
நேற்றுப் பிளந்தது.
காபி டப்பாவில் மிச்சம் ஏழு.
லைசென்ஸ் திரும்பி வர நாற்பத்து மூன்று வாரம்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஒரு வாரம் துண்டு விழுகிறது.

அதை நடந்துவிடலாம்.