பிழை நீள்வட்டம்

வைகாசியில் ராகலைக்கு மேலே ஒரு நடுக்கம்.
தூரத்து நிலையங்கள் மூன்றும் பேசி வைத்தாற்போல்
அதை அணைத் தண்ணீருக்குள் போட்டன,
ஆழம் பத்து கிலோமீட்டர்.
பத்து என்றால் தெரியாது என்று பொருள்.
எங்கள் தொழிலில் தெரியாததற்கும்
ஓர் இலக்கம் எழுதியாக வேண்டும்.

நெட்டுக்கல் தோட்டத்துச் சிவனம்மா மட்டும்
"தண்ணியில இல்லீங்க, எங்க அடுப்புக்குக் கீழ" என்றாள்.
நேரில் உணர்ந்தோர் கூற்று என்று குறித்துவிட்டு
அடுத்த பக்கம் புரட்டினேன்.

பிறகு நாலு கருவி கொண்டுபோனோம்.
பிள்ளைக் காம்பராவின் பின்னால் ஒன்று,
பள்ளிக்கூட விறகறையில் ஒன்று.
ஸ்டோரில் வைத்ததை மூன்றாம் நாளே கழற்றினோம்:
கொழுந்து உருட்டும் ரோலர்
இரவெல்லாம் பூகம்பம் எழுதிற்று.
அது கோயில் மேட்டுக்குப் போனது. நல்ல பாறை,
தப்பு அடிக்கும் திருவிழா நாள்கள் தவிர.
நாலாவது, நிலூக்காவின் பிடிவாதத்தால்,
ஓடைக்கு அந்தப் பக்கம், அட்டைகளுக்கு நடுவில்.

பாறைக்குள் அலை என்ன வேகம் என்பதற்கு
உலகத்துக்கெல்லாம் பொதுவாய் யாரோ போட்ட
அட்டவணைதான் அதுவரை.
இந்த மலைக்கு அது இரவல் சப்பாத்து.

குவாரிக்காரர் பியதிலகவைக் கேட்டோம்:
வெடிக்குழி எங்கே, நொடி என்ன?
கைபேசி பார்த்துச் சொன்னார்,
சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.
இடம் தெரிந்த ஓர் அதிர்வு போதும்,
பழைய அட்டவணை ஒன்றரை கிலோமீட்டர்
தள்ளிப் பேசுவது தெரிய.
மேலே உக்கிய மண், மெதுவாக.
கீழே கருங்கல், அவசரமாக.
இடையில் சுண்ணக்கல் ஒரு கீற்று,
அதைப் பிடிக்க மட்டும் ஏழு வெடி.

ஆடியில் மறுபடி. சின்னது.
பிள்ளைக் காம்பராவில் முதல் அலை வந்து
அரை நொடிக்குள் இரண்டாவதும் வந்துவிட்டது.
ஆழம் இரண்டு. பிழை நானூறு மீட்டர்.
நீள்வட்டத்துக்குள் அகப்பட்டவை:
தேயிலை மலை ஒன்று,
பிரட்டுக் களத்தில் பாதி,
ஏழாம் லயம் முழுசாக.
வைகாசியையும் திரும்பக் கணக்கிட்டேன்.
அது அணையை விட்டு ஏறி நடந்து வந்து
அதே லயத்தடியில் உட்கார்ந்தது.

அறிக்கையில் கடைசிக் கட்டம்:
அருகிலுள்ள வீட்டின் முகவரி.
தொலைபேசியில் சிவனம்மா சிரித்தாள்.
"கடுதாசி எல்லாம் ஆபீசுக்குத்தான் வருது.
எங்க வூட்டுக்கு ஏது நம்பரு?
மகனோட வேலைக் கடுதாசியே
நேர்முகம் முடிஞ்சுதான் கைக்கு வந்துச்சு."

அகலக்கோடு, நெடுங்கோடு எழுதினேன்,
மூன்றாம் தசமத்தோடு நிறுத்தி.
அதற்கு மேல் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.
குறிப்பு என்ற இடத்தில்:
சிவனம்மா, ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா.
வைகாசியிலேயே சொன்னார்.
பிழை, ஏறக்குறைய ஓர் அடுப்பளவு.