இருபது மீட்டர்

எர்ணாவூர் கார்ப்பரேஷன் கிரவுண்டில்
ஒரு சுற்று முந்நூற்று எண்பது.
கண்டெய்னர் யார்டின் மதில் ஒரு மழைக்காலத்தில்
உள்ளே நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.
கேட்க ஆளில்லை.
நானும் கேட்கவில்லை.
சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போட்டுவிட்டு
பிள்ளைகளிடம் நானூறு என்றேன்.

பொய் என்று தோன்றவில்லை அப்போது.
வெறும் டீயோடு விடியலில் வருகிற கால்களுக்கு
சின்னதாக ஒரு தள்ளுபடி,
அவ்வளவுதான்.

வாட்ச்சைக் காட்டினால் பெனிட்டா குதிப்பாள்.
அறுபத்தி ரெண்டு மாஸ்டர்! அறுபத்தி ரெண்டு!
மணலியிலிருந்து வரும் கேஸ் நாற்றத்தை
நெஞ்சு முட்டக் குடித்துக்கொண்டே சிரிப்பாள்.
மாவட்டத்தையே அள்ளுவ என்றேன்.
அதையும் நான்தான் சொன்னேன்.

மாவட்டப் போட்டி.
சிவப்புத் தரை, எட்டு லேன்.
கடைசி வளைவு தாண்டி
இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள்.
எங்கள் சுற்று முடிகிற அந்த அளவில்,
அங்கே கோடு எதுவும் இல்லை,
அவள் கால்கள் முடிந்துபோயின.
கை தாழ்ந்தது.
ஜெயித்தவள்போல நெஞ்சை முன்னே தள்ளினாள்,
கயிறில்லாத வெறுங்காற்றில்.
ஒருத்தி போனாள். இன்னொருத்தி.
அப்புறம் மூன்று பேர்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அம்மா கேட்டார்:
"சத்து கொறைச்சலா மாஸ்டர்?
தெனம் ஒரு முட்ட குடுக்கட்டா?"
கம்பெனியில் இறால் உரித்து உரித்து
வெடித்த விரல்நுனிகள்.
முட்டைக்கு நான் என்ன பதில் சொல்வது.

மறுநாள் டேப்பை எடுத்துப் போனேன்.
ஒரு நுனி அவள் கையில்.
முப்பது முப்பதாக,
குனிந்து, குறித்து, எழுந்து,
பேச்சில்லாமல் சுற்றி வந்தோம்.
கடைசிக் கணக்கை அவளே போட்டாள்.
இரண்டு தரம் போட்டாள்.

"கால்ல கொறையில்ல உனக்கு.
தரைல கொற. எனக்குத் தெரியும், சொல்லல.
அள்ளுவன்னு சொன்னது வாய்க்கு வந்தது.
முந்நூத்தி எம்பது வரைக்கும் நீ ரெண்டாவது.
அது மட்டும் நெசம், என் கண்ணால பாத்தது."

அழுவாள் என்றிருந்தேன். திட்டுவாள் என்றும்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்:
"மிச்சத்த எங்க வச்சிருக்க?"
மாஸ்டர் இல்லை. ங்க இல்லை.

கோடு முடிகிற இடத்தில் கேட். திறந்தோம்.
மிச்சம் தெருவில் கிடந்தது:
தண்ணி லாரி நின்றுபோன ஈரம்,
குடங்களின் வரிசை,
அதைத் தாண்டி ஜெபராஜ் சைக்கிள் கடை.
கடை வாசலில் கோடு போட்டேன்.

இப்போதெல்லாம் ஐந்தரை மணிக்கு
ஓரம், ஓரம் என்று நான் கத்த,
குடங்கள் இடுப்பேறி விலக,
மதிலை விட்டு வெளியே வருகிறாள்.
அறுபத்தி ஏழு புள்ளி மூணு.
வாட்ச்சை வாங்கி அவளே பார்க்கிறாள்.
முகம் சுளிக்கிறாள்.

"கடசி இருபதுல கை தாழல இன்னிக்கு" என்கிறேன்.

"தாழ்ந்துச்சு" என்கிறாள்.

தாழ்ந்ததுதான்.
கொஞ்சம்.