பெயர்க் கட்டம்

கருவாட்டுப் பாயின் ஓரத்தில்
சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த பஞ்சை வைத்துவிட்டுக்
குத்தவைத்திருக்கிறேன்.
வாலிநோக்கம். காலை ஆறே கால். கச்சான் காற்று.

வரிசை தெரியாத எறும்பு இது.
சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி
ஓடும், நிற்கும், வந்த பக்கமே திரும்பி ஓடும்.
மஞ்சள் உடம்பு. உடம்பைவிட நீண்ட கால்.
கடிக்காது, பீச்சும்.
மீராள் பீவியின் வெள்ளாட்டுக் குட்டிக்கு
இடது கண் போனது அப்படித்தான்.

"எத்தன வேணும்?"
முந்நூறு போதும் என்றேன்.
"மூணு லட்சம் அள்ளிட்டுப் போ, காசு வேணாம்."

குழாய்த் திரவத்தில் விழுந்த பிறகுதான்
அவை நிற்கின்றன.
ஐஸ் பெட்டியை மடியில் ஏந்தி
கோட்டைச்சாமியின் ஆட்டோவில்
ஏர்வாடி தாண்டிக் கீழக்கரை வாடகை அறைக்கு.
ரசீதில் அவர் எழுதியது:
எறும்பு ஏத்துன வகையில், நானூற்றைம்பது.

அரைத்து, கரைத்து, சுழற்றி, வடித்தால்
முந்நூறு உயிரும் சேர்ந்து
ஒரு கொசு குளிக்கப் போதாத தண்ணீர்.
கைக்குள் அடங்கும் கருவி அதைப் படிக்கிறது:
ஏ டி டி ஜி சி ஏ ஏ ஜி
நாலே எழுத்து.
புள்ளி இல்லை, கொம்பு இல்லை,
சந்தி பார்ப்பாரில்லை.

பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் முனகலில் ஒவ்வொன்றாய் வந்தன:
முதலில் எறும்பு.
பிறகு அது தின்றவை. நெத்திலி, சூடை, மாவுப்பூச்சி,
கொஞ்சம் ஆடு.
எட்டே எட்டு வரி மனிதர்.
என் விரலா, மீராளின் விரலா,
அந்தக் கருவிக்கு நாங்கள் இருவரும் ஒன்று.

விடியப் போகையில்
ஒன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளத்தில்
எவரோடும் பொருந்தாத ஒன்று.
உலகத்து ஏடுகளில் தேடினேன்.
எங்கோ ஒரு தேனீயின் நோய்
முப்பது விழுக்காடு ஒத்துப்போனது,
கல்யாணத்துக்குச் சொல்லத் தேவையில்லாத உறவு.
மறுபடி ஓட்டினேன்.
மறுபடி அதே.

"அப்ப அது இந்தச் சனியனக் கொன்டுருமா?"
தெரியாது.
பார்த்த கூட்டிலெல்லாம் இருக்கிறது.
எல்லாக் கூடும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
"சீக்கு வந்துமா இந்த ஓட்டம்!"
சிரித்தாள். பிறகு கேட்டாள்:
"பேரு?"

கிடைத்த ஊரின் பேரை வைப்பதுண்டு என்றேன்.
சூடையைப் புரட்டிய கை நின்றது.
"வாலிநோக்கம் கருவாடுன்னு
சாக்குல எழுதித்தான் அனுப்புறோம்.
நாளைக்கி எவன் வாங்குவான்?
கப்பல்ல, தடியோட வந்த எறும்பு இது.
கப்பலுக்குப் பேரு இருக்கும்ல,
அத வையி."

கப்பலின் பேர் யாருக்கும் தெரியவில்லை.

இரவு படிவத்தைத் திறந்தேன்.
இடம்: ஒன்பது புள்ளி ஒன்று ஆறு வடக்கு.
தேதி. உடல்: எறும்பு. சேகரித்தவர்: நான்.
பெயர்க் கட்டத்தில் 'வா' என்று அடித்தேன்.
அழித்தேன்.
பையின் தையலிலிருந்து இறங்கிய ஒன்று
திரையில் ஏறி
ஓடி, நின்று, திரும்பி ஓடிக்கொண்டிருக்கிறது
அந்த வெள்ளைக் கட்டத்தின் மேல்.
என் சட்டையிலும் கருவாட்டு வாசம்.