மூன்றாம் நபர்

மஞ்சக்குப்பம், மாடியறை.
ஒப்பந்த ஊழியர் நாற்காலிக்கு ஒரு கை கிடையாது.
வெளியே போகும் தாளில்
போகக் கூடாததைக் கறுப்பாக்குவது என் வேலை.
ஆதார் எண், வங்கிக் கணக்கு,
ஒருவருக்கு வந்த நோயின் பெயர்.
புயல் நிவாரணப் பட்டியல் வந்தால்
ஒரு கிராமமே கட்டைவிரலை நீட்டிக்கொண்டு
மேசைமேல் வரிசையில் நிற்கும்.

முதல் வாரம் மார்க்கரால் அடித்துக் கொடுத்தேன்.
தெய்வநாயகி மேடம் தாளை வாங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
அடித்ததெல்லாம் அப்படியே தெரிந்தது.
"அடிச்சதை நகல் எடு. நகலைக் கொடு.
மையை நம்பாதே."

மதியம் கெடிலம் பாலத்தருகே மிளகாய் பஜ்ஜி.
சுற்றித் தந்த தாள்
யாரோ ஒருவரின் குடும்ப அட்டை நகல்:
தலைவி பெயர், நான்கு பேர் வயது,
புதுப்பாளையத்தில் எந்தத் தெரு என்பது வரை.
எண்ணெய் பட்டு எழுத்து இன்னும் துலங்கியிருந்தது.
"கிலோ கணக்குல வாங்குறதும்மா,
யாரு படிக்கப் போறாங்க?"
நான் படித்துவிட்டேன்.
கைப்பையில் இன்றுவரை அந்த வாசனை.

செவ்வாயன்று ஒரு மனு.
பத்து ரூபாய் வில்லை, முத்து முத்தான எழுத்து.
என் மனைவி இன்னார்
எந்த விடுதியில் தங்கித் தையல் பயில்கிறார்,
முகவரி, கைபேசி எண்,
சான்றொப்பமிட்ட நகல்களுடன்.
காரணம் சொல்லத் தேவையில்லை.
அவனாகவே சொல்லியிருந்தான்: குடும்ப நலன்.

கோப்பைத் திறந்தேன்.
சேர்க்கைப் படிவத்தில்
'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில்
ஒரு பெயர் எழுதி,
அடித்து,
அடித்ததன்மேல் தாள் கிழியும்வரை அடித்திருந்தாள்.
எனக்கு முன்பே ஒருத்தி
இந்த வேலையைப் பார்த்திருக்கிறாள்.

'மூன்றாம் நபர் பற்றிய தகவல், வழங்க இயலாது'
என்று பதில் எழுதினேன்.
மேடம் பேனாவை மூடவில்லை.
"இது என்ன சொல்லுது தெரியுமா?
இங்கதான் இருக்கா, சொல்ல மாட்டோம்னு சொல்லுது."
திரும்ப எழுதினோம்:
இருப்பதாகவோ இல்லையென்றோ தெரிவிக்க இயலாது.
கடித எண்ணின் ஓரத்தில்
விடுதியின் குறியீடு ஒட்டிக்கொண்டிருந்தது.
அதையும் எடுத்தோம்.
மூன்று வரிக்கு ஒன்றரை மணி நேரம்.

மேல்முறையீடு செய்வான்.
கட்டியவள் எப்படி மூன்றாம் நபர் என்று கேட்பான்.
கேட்கட்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒன்று.
பஜ்ஜித் தாளில் இருந்தது புதுப்பாளையம் இல்லை.
அவள் பயில்வது தையல் இல்லை.
கிழமையும் வேறு.
வேண்டுமானால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.
இது நகல்.