வலது ஓரம் வேம்பு

கார்த்திகைப் புயலில் விழுந்தது
கெருகம்பாக்கத்து அரை கிரவுண்டில்
எங்களுக்கென்று இருந்த ஒரே மரம்.
நல்ல பக்கமாக விழுந்தது,
அடுத்த வீட்டு ஸ்கூட்டர் தப்பியது.
பஞ்சாயத்து லாரி வருவதற்குள்
டிராக்டர் பிடித்து மரவாடிக்கு ஏற்றிவிட்டோம்.

அறுப்புக் கூலி, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி,
டீக்கென்று தனியாக ஒரு நூறு.
இருபத்திரண்டு பலகை, ஒன்றரை அங்குலம்.
தேக்குக்கு விலை கேட்டு வந்த அன்று
தணிகாசலம் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றிருந்தான்.

பச்சை மரம் கதவாகுமா என்றேன்.
ஆகும், என்றார் தச்சர் ஜோதிலிங்கம்,
ஆடியில் ஒரு கதவு, ஐப்பசியில் வேறொரு கதவு.

காயப் போட்டோம்.
துணி மாதிரி இல்லை,
வெயில் படக் கூடாது, காற்று பட வேண்டும்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் துண்டு,
மேல் துண்டுக்கு நேர் கீழே கீழ்த் துண்டு.
வெட்டு முகங்கள் வெடிக்காமலிருக்க பெயிண்ட்,
வாடகை வீட்டுக்காரர் கேட்டுக்கு அடித்து
மிச்சம் வைத்த பிஸ்தாப் பச்சை.
தலைப்பாரத்துக்கு சாலிட் பிளாக் பதினாறு.
அதன் மேல் தகரம். அதற்கும் மேலே
பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம்
சக்கரத்தை இறக்கிக்கொண்டு.

ஒரு அடித் துண்டைத் தனியே நறுக்கி
அடுக்கின் நடுவில் செருகி வைத்தோம்.
ஞாயிறுதோறும் அதை உருவி, மஞ்சப்பையில் போட்டு
பொன்ராஜ் அண்ணாச்சி கடைக்குப் போவேன்.
"கிலோ என்ன விலைக்குப் போடட்டும்?" என்பார்
எலக்ட்ரானிக் தராசில் வைத்து.
முதல் வாரம், இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது.
எழுதிக்கொள்ளத் தாள் கொண்டுபோகவில்லை.
கடன் நோட்டில், எங்கள் பக்கத்தில்,
ஓரமாக அவரே குறித்துக்கொண்டார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.
இடது பக்கம் துவரம்பருப்பு, எண்ணெய், சோப்பு.
வலது ஓரம் வேம்பு.
சித்திரையில் ஒன்று தொள்ளாயிரம், கடன் மூவாயிரத்து அறுநூறு.
ஆனியில் ஒன்று எழுநூற்று எண்பது.
கடனைச் சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி
சுவர் சுவராக நனைத்தோம், காலையும் மாலையும்.
பத்தடி தள்ளி
தண்ணீர் போகட்டும் என்று காத்திருந்தோம்.

புரட்டாசியில் பாத்ரூம் சுவருக்கு ஆறு கல் குறைந்தது.
மேஸ்திரி அடுக்கின் தலையிலிருந்து எடுத்துவிட்டார்.
நாங்கள் பார்த்தது நாலு நாள் கழித்து.
மேல் பலகை படகாக நிமிர்ந்திருந்தது.
தணிகாசலம் கத்தவில்லை.
ஏறி அதன் மேல் உட்கார்ந்தான்,
விளக்கு வைக்கிற வரைக்கும், செல்லைப் பார்த்துக்கொண்டு.
அறுபத்தெட்டு கிலோ.
பலகை மதிக்கவில்லை.

ஐப்பசியில் எடை ஏறியது.
எழுநூற்று முப்பது, எழுநூற்று எழுபது ஆனது.
அண்ணாச்சி பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.
"என்னம்மா, மரமும் கடன் வாங்குதா?"
கடையில் சிரித்தேன்.
திரும்பி வரும் வழியில் முழங்கால் வரை தண்ணீர்.

தையில் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.
வாசலுக்கு மட்டும் இரும்பு கிரில் போட்டுக் குடி வந்தோம்.
படுக்கையறைக்குக் கல்யாணப் புடவை தொங்கியது
என்றால் கவிதைக்கு நன்றாக இருக்கும்.
பழைய பெட்ஷீட்.
பாத்ரூமில் இருப்பவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.
நான் பாடினேன். ஊரிலிருந்து வந்த மச்சினர்
பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார்.

பலகைகளை ஹாலில் அடுக்கி
பக்கத்தில் பாய் விரித்தோம்.
ஃபேன் எங்களுக்குப் பாதி, அவற்றுக்குப் பாதி.
ராத்திரி மூன்று மணிக்கு ஒன்று டிக் என்னும்.
எது என்று டார்ச் அடித்துத் தேடுவோம்.

பங்குனியில் ஒன்று அறுநூற்றுத் தொண்ணூறு.
அடுத்த ஞாயிறும் அதே.
அதற்கடுத்த ஞாயிறும்.
அண்ணாச்சி நம்பவில்லை. தராசு கெட்டுப்போச்சு என்று
துண்டை இறக்கிவிட்டு
ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார்.
ஒரு கிலோ.
பொட்டலத்தை என் பையில் போட்டார்.
இடது பக்கம் எழுதிக்கொண்டார்.